குரல் கொடுக்காமல் வந்த ஒளி

சென்ற மாதம் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, என் இடது கண்ணின் ஓரத்தில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் என் வீட்டுக் குளியலறையில் என்னையும் துவைக்கப் போட்டிருந்த துணியையும் தவிர வேறு யாருமில்லை. மறுபடி குழாய்ப் பக்கம் கண்ணைத் திருப்பினேன். மறுபடி கிழித்தார்கள். “வா, உன்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். கண் சிகிச்சையில் நர்ஸாக வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். இந்த ஒளியை எனக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

அன்றைக்கே என் பழைய கிளினிக்குக்குப் போனேன். லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அது. ஓய்வு பெற்றபின் நான் நோயாளியாக அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. ஷீலா என்ற இளம் பெண் என்னை ஒரு வெள்ளை இயந்திரத்தின் முன் உட்கார வைத்தாள்.

“டிராப்ஸ்கூட வேண்டாம் லா அக்கா. தாடையை இங்க வைங்க, பச்சை லைட்டைப் பாருங்க. அவ்வளவுதான்” என்றாள். அவ்வளவுதான். கண்ணின் உள்சுவர் முழுவதும் திரையில் வந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, கிழிசல் எதுவுமில்லை, வயதுதான் காரணம் என்றார்.

“அப்ப முன்னாடியெல்லாம் டார்க் ரூம்ல என்னதான் பண்ணுவீங்க?” என்று ஷீலா கேட்டாள். இருட்டறை இப்போது அட்டைப்பெட்டி அடுக்கும் இடமாகிவிட்டது. “அந்த ரூம்ல பேய் இருக்காம். கிளீனர் ஆன்ட்டி உள்ள போகவே மாட்டேங்கறாங்க. நிஜமா அக்கா?”

அறையில் பேய் எதுவும் இல்லை, வந்ததெல்லாம் நோயாளிகளின் கண்ணுக்குள்தான் வந்தது என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, அது முழுப் பதிலில்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் நசீமா. தஞ்சோங் பகாரில் பிறந்தவள். அத்தா, அதாவது என் அப்பா, கடையநல்லூரிலிருந்து வந்தவர். நர்ஸ் படிப்பு, பொது வார்டு, அங்கே வாங்கிய திட்டுகள் எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடுகிறேன். கண் பிரிவுக்கு மாற்றியபோது “இனி ரத்தம் பார்க்க வேண்டாம்” என்று சந்தோஷப்பட்டேன். இருட்டில் உட்கார வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

கண்ணுக்குள் கூழ் போல ஒன்று நிறைந்திருக்கிறது. வயதானாலோ அடிபட்டாலோ கிட்டப்பார்வை அதிகமிருந்தாலோ அது சுருங்கி, பின்னாலிருக்கும் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் அழுத்தினாலும் ஒளி என்று மட்டும்தான் மூளைக்குச் சொல்லத் தெரியும். ஆகவே வெளியே ஒளியே இல்லாதபோது மனிதர்கள் ஒளியைப் பார்க்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் பார்வையின் ஓரத்தில், இருட்டில், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது. இழுப்பு நின்றுவிட்டால் பயமில்லை. இழுத்த இழுப்பில் விழித்திரை கிழிந்தால், கிழிசல் வழியாக நீர் புகுந்து, சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிவது போல அது உரியத் தொடங்கும். உரிந்த இடத்தில் பார்வை கறுத்துவிடும்.

படிப்பில் இது ஒரு பக்கம். நோயாளிகள் சொல்லிக் கேட்பது வேறு. பக்கத்து பிளாக்கிலிருந்து ஒருவன் தன் படுக்கையறைக்குள் டார்ச் அடிக்கிறான் என்று போலீஸுக்குப் போன ஒரு அம்மா எங்களிடம் வந்திருக்கிறார். தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சமையலறையில் யாரோ குளிர்பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறார்கள் என்றார். “யாருன்னு பாக்க நான் போகல” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் பிடிக்காத ஞாபகம்.

இப்படிப்பட்டவர்களை டாக்டர் டான் இருட்டறையில்தான் பார்ப்பார். மெலிந்த, குரல் உயர்த்தாத சீனர். முதலில் கண்ணில் மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிய வைப்போம். பிறகு நோயாளியைச் சாய்வு நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைத்து, கதவிடுக்கில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, விளக்கை அணைப்பேன். டாக்டர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையோடு குனிவார். தமிழ் நோயாளிகளுக்காக அவர் என்னிடம் நான்கு கட்டளைகள் கற்றிருந்தார்: மேல பாரு, கீழ பாரு, மூக்கைப் பாரு, காதைப் பாரு. அதைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வார். முதல் தடவை கேட்பவர்கள் இருட்டில் சிரித்துவிடுவார்கள்.

அந்த வில்லையில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதனால் வரைபடத் தாளை நோயாளியின் நெஞ்சின் மேல் தலைகீழாக வைத்து, பார்த்ததைப் பார்த்தபடியே வரைவார். ஒட்டியிருக்கும் விழித்திரைக்குச் சிவப்புப் பென்சில், உரிந்ததற்கு நீலம். எதையாவது கண்டுபிடித்துவிட்டால் அதைச் சொல்லமாட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டாம் தடவை “மேல பாரு” என்று கேட்டால் நீலப் பென்சிலை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்திவைப்பேன்.

பழனிவேல் வந்தது கொரோனாவுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில் கீழே தெருவே தெரியாது. தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் வேலையாட்கள் வந்து நிறைந்திருப்பார்கள். அவர் துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர், அரியலூர்ப் பக்கம். வலது கண் பல வருடங்களுக்கு முன் ஊர்ப் பட்டறையில் இரும்புத் துகள் பட்டுப் போய்விட்டது. கை அசைவது மட்டும் அதில் தெரியும். இருக்கிற ஒரே கண் இடது கண். அதில் கொசு பறப்பது போல் இருக்கிறது என்று வந்திருந்தார்.

“மின்னல் மாதிரி ஏதாச்சும் ஒளி தெரியுதா தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லக்கா” என்றார். நான் கேள்வியை முடிக்கும் முன்பே சொன்னார்.

இருட்டறையில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. டாக்டர் “காதைப் பாரு” என்றார். பழனிவேல் கண்ணை இடது பக்கம் திருப்பினார். திருப்பிய வேகத்தில் முகத்தை வெடுக்கென்று வலப்பக்கம் இழுத்துக்கொண்டு இரண்டு கண்ணையும் இறுக மூடினார். டாக்டரின் விளக்கு அந்தப் பக்கமே இல்லை. டாக்டர் வில்லையைக் கீழே இறக்கினார்.

“சிஸ்டர், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன். அவர் மூடிய கண்ணைத் திறக்காமலே இடப்பக்கம் விரல் காட்டினார். பிறகு பழனிவேல் சொன்னார்: “சேகர்தான்க்கா.”

சேகர் அவருடைய ஊர்க்காரர். இருவரும் ஒன்றாகச் சிங்கப்பூர் வந்தவர்கள், ஒரே கப்பலுக்குள் ஒரே தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தவர்கள். சேகருக்கு இடது கைப் பழக்கம். அதனால் எப்போதும் இவருக்கு இடப்பக்கம் நிற்பார். அப்போதுதான் முழங்கை இடிக்காது. வெல்டிங் ஒளி, அவர்கள் பேச்சில் ஆர்க், பக்கத்திலிருப்பவரின் கண்ணைப் பொசுக்கிவிடும் என்பதால், கம்பியைத் தகட்டில் தட்டும் முன் குரல் கொடுப்பது அவர்களிடையே கட்டாயம். “கண்ணு!” என்று ஒரு சத்தம். கேட்டவுடன் பக்கத்திலிருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது உடம்பில் ஊறிப்போன பழக்கம், தூக்கத்தில் கேட்டாலும் தலை திரும்பும் என்றார் பழனிவேல்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் சேகர் இறந்திருந்தார். விபத்து இல்லை. விடுதியில் கீழ்க்கட்டிலில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மேல்கட்டிலில் படுத்திருந்தவர் பழனிவேல். இருதயம் என்று சொன்னார்களாம். உடம்பை விமானத்தில் அனுப்பினார்கள். இவர் போகவில்லை, மறுநாள் அதே தகட்டுக்கு வேலைக்குப் போனார்.

“முகமூடியை இறக்கிட்டா உள்ள கும்மிருட்டுக்கா. எதிர்ல என் நெருப்பு மட்டும்தான் தெரியும். சைடுல இருந்து ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாது. அதுக்குத் தோல் தச்சுத் தொங்க விட்டிருக்கோம். அதுக்குள்ள இடது பக்கம் ஆர்க் அடிக்குது. நீலமா, வளைஞ்சு. பக்கத்துல ஆளே இல்ல. ராத்திரி போர்வைக்குள்ள கண்ணை மூடினாலும் அடிக்குது. நிஜ வெளிச்சம்னா மூடின கண்ணுல எப்படிக்கா தெரியும்? வெல்டிங் வெளிச்சத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

அந்த வாதத்தில் ஓட்டையே இல்லை. வெளியிலிருந்து வரும் ஒளியை மட்டுமே அறிந்தவருக்கு வேறு எந்த முடிவும் தோன்றாது. மற்ற நோயாளிகள் டார்ச் என்றார்கள், குளிர்பெட்டி என்றார்கள். இவர் ஒளியையே தொழிலாகக் கொண்டவர், அதனால்தான் வசமாக மாட்டிக்கொண்டார்.

“முன்னாடி குரல் குடுப்பான். இப்ப குடுக்கறதில்ல” என்றார் மெதுவாக. “சாகறப்பவே ஒரு குரல் குடுக்காம போனவன்தானே. அப்படியேதான் வர்றான்.”

அந்த அறையில் எத்தனையோ பேரின் பயத்தைக் கேட்டவள் நான். என் முன்கை மயிர் சிலிர்த்தது அன்றைக்குத்தான். இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஓதி வளர்ந்தவள், ஆனாலும் நாற்காலியின் இடப்பக்கம் இருந்த இருட்டை நான் பார்க்கவில்லை.

டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மறுபடி குனிந்தார். “மேல பாரு” என்றார். முதலிலிருந்து.

மூக்குப் பக்கம் விழித்திரையில் குதிரை லாடம் போல ஒரு கிழிசல். உள்ளே மூக்குப் பக்கம் இழுத்தால் பார்வையில் காதுப் பக்கம் ஒளி தெரியும். கண்ணின் அமைப்பு அப்படி. தாளில் சிவப்புக்கு நடுவே ஒரு நீலத் திட்டு வரைந்தார். அது நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தது. உடனே சிகிச்சை செய்யாவிட்டால் முழுவதும் உரிந்துவிடும், இருக்கிற ஒரே கண்ணும் போய்விடும் என்றார். விளக்கைப் போட்டு, எல்லாவற்றையும் நான் பழனிவேலுக்குச் சொன்னேன். கூழ், இழுப்பு, கிழிசல் எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

“பண்ணிட்டா அவன் வரமாட்டானா?” என்றார்.

“ஒளி நின்னுடும்.”

“அப்ப வேண்டாங்கா” என்று சொல்லி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கண்ணைக் காப்பாற்றச் சொல்லி எங்களிடம் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கிற ஒன்றையும் வேண்டாமென்று போகிறவனை என்ன செய்வது? பின்னாலேயே போனேன். விரிந்த பாப்பாவோடு வெயிலில் இறங்க முடியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் ஞாயிற்றுக்கிழமை இரைச்சல்.

“ஊர்ல யாரு இருக்கா?” என்று கேட்டேன்.

“சம்சாரம். ரெண்டு பொண்ணுங்க.”

“அவங்க மூஞ்சியைப் பாக்க வேண்டாமா?”

“அவங்களுக்கு நாலு பேர் இருக்காங்கக்கா. அவனுக்கு அந்தக் கப்பலுக்குள்ள யாரு இருக்கா? எனக்கும்தான் யாரு இருக்கா?” என்றார். பிறகு ஒரு ரகசியம் சொல்வதுபோல என் பக்கம் சாய்ந்தார். “நேத்துல இருந்து ஆளே தெரியறான். முன்னாடி வெளிச்சம் மட்டும்தான். இப்ப கறுப்பா நிக்கிறான். தோளு வரைக்கும் தெரியுது. கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வர்றான்.”

அந்தக் கறுப்பு என்னவென்று எனக்குத் தெரியும். அந்த நீலத் திட்டு. பார்வையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஏறிக்கொண்டிருந்த குருட்டுத்தன்மை. அது நெருங்க நெருங்க, நண்பன் பக்கத்தில் வருகிறான் என்று இந்த மனிதர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். நடுப் பார்வையைத் தொட்டுவிட்டால் பிறகு டாக்டர் டான் நினைத்தாலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது.

விளக்கப் படமெல்லாம் அவரிடம் செல்லாது என்று புரிந்துவிட்டது. அவருடைய தொழிலை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

“தம்பி, சேகர் உங்க பக்கத்துல எத்தனையோ நாள் நின்னு வேலை பாத்திருக்காரு. ஒரே ஒரு தடவையாவது குரல் குடுக்காம அடிச்சிருக்காரா?”

“சேகரா? ஒரு நாளும் இல்ல. குடிச்சிட்டு வந்த அன்னைக்குக்கூடக் குடுத்தான்.”

“தூக்கத்துல போன மனுஷனால குரல் குடுக்க முடியாது. அதைக் குத்தம் சொல்லாதீங்க. ஆனா வேலை செய்யறவன் குடுப்பான்ல? உங்க கண்ணு பொசுங்கினா பரவாயில்லன்னு நினைக்கிற ஆளா அவரு?”

அவர் தன் செருப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“குரல் குடுக்காம அடிக்குது. கறுப்பா உங்க கண்ணை மூடிக்கிட்டு வருது. இது சேகர்தானா?”

அவர் மெல்ல இடது பக்கம் கண்ணைத் திருப்பினார். என்ன தெரிந்ததோ, உடனே படியின் சுவரோடு ஒட்டிக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது.

“அப்ப இது யாருக்கா?” என்றார்.

கையைப் பிடித்து எழுப்பினேன், வந்துவிட்டார். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஒருவரிடமிருந்த கடைசித் துணையைப் பிடுங்கிவிட்டது போலவும் இருந்தது.

மறுநாள் காலை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுக்காமல் கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். முகத்தைத் துணியால் மூடி, இடது கண் மட்டும் தெரியும்படி விடுவார்கள். மொழிபெயர்க்கவும் கையைப் பிடித்துக்கொள்ளவும் நான் வலப்பக்கம் நின்றேன். டாக்டர் தலைமாட்டில். இடப்பக்கம் சுவரும், சுவரையொட்டி இயந்திரமும். கூழை எடுத்து, விழித்திரையைப் படிய வைத்து, கடைசியில் கிழிசலைச் சுற்றி லேசரால் சுட்டு ஒட்டுவார்கள். மரத்த கண்ணுக்கும் அந்த ஒளி தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் வெல்டிங்தான்.

“அக்கா” என்றார் துணிக்கு அடியிலிருந்து. “டாக்டரை அடிக்கிறதுக்கு முன்னாடி குரல் குடுக்கச் சொல்றீங்களா?”

சொன்னேன். டாக்டர் டான் கொஞ்சமும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை என்னிடம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வரிசை சுடும் முன்னாலும், தன் பாட்டு இழுவையில் “கண்ணு” என்றார். ஒவ்வொரு தடவையும் பழனிவேலின் விரல்கள் என் கையை இறுக்கி, ஒளி முடிந்ததும் விட்டன. தலை மட்டும் அசையவில்லை. அவ்வளவு வருடப் பழக்கத்தை அவர் எப்படி அடக்கினாரோ, அல்லாஹ்தான் அறிவான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கையுறையைக் கழற்றும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “கடைசி வரிசைக்குக் குரல் கொடுக்க மறந்துவிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டதாக அவரிடம் சொல்லுங்கள்” என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

வார்டில் பழனிவேலை இடது கன்னம் தலையணையில் படும்படி சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணில் கட்டு. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

“இல்லையேக்கா. கடைசிக்கும் குரல் வந்துச்சே” என்றார்.

“டாக்டர் மறந்துட்டேன்னு சொல்றாரு.”

“டாக்டர் இல்ல. டாக்டர் குரல் தலைமாட்டுல இருந்து வந்துச்சு. இது இடது பக்கம். காதுகிட்ட.” என் கையைத் தேடிப் பிடித்தார். “நீங்களாக்கா?”

நான் அவருக்கு வலப்பக்கம் நின்றிருந்தேன். வாயே திறக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன்: கடைசி வரிசையிலும் அந்த விரல்கள் என் கையை இறுக்கின. ஒளி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னால்.

ஊசி மருந்தின் கலக்கம் என்று சொல்லலாம். பழகிப்போன காது தானே நிரப்பிக்கொண்டது என்று சொல்லலாம். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, நான்தான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை செய்கிறவன் குரல் கொடுப்பான் என்று படிக்கட்டில் சொன்னவள் நான், வந்த குரலை என்னுடையதாக்கிக்கொள்ள மனம் வரவில்லை.

“நான் இல்ல தம்பி” என்றேன்.

கட்டுக்குக் கீழே கன்னம் நனைந்தது. கண் நனையக்கூடாது என்று நான் துடைக்கப் போனேன்.

“சொல்லிட்டுப் போயிட்டான்க்கா” என்றார்.

அந்தக் கண் பிழைத்தது. ஒளி அதன்பின் வரவில்லை. ஒற்றைக் கண்ணோடு உயரத்தில் ஏறும் கப்பல் வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் பழனிவேல் ஊருக்குப் போய்விட்டார். பெரிய பெண்ணின் கல்யாணத்துக்கு எனக்குப் படம் அனுப்பினார். படத்தில் நேராகப் பார்க்கிறார்.

ஷீலா, அறையில் பேய் இருக்கிறதா என்று கேட்டாய். இல்லை. எனக்கு வருவது வயதான கண்ணின் இழுப்பு. உன் இயந்திரம் பார்த்துவிட்டது, டாக்டர் சொல்லிவிட்டார், எனக்கே தெரியும். என் வீட்டுக்காரர் தவறியபின் நான் தனியாகத்தான் இருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்து, இடது பக்கம் கண்ணைத் திருப்புவதற்கு முன் ஒரு கணம் அசையாமல் இருக்கிறேன். யாராவது குரல் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் திருப்புகிறேன்.